எக்ஸ்ரே ஃபிலிமில் வெட்டிய கோலம்: பொங்கல் வாழ்த்து அட்டை செய்யும் முறை

வாழ்த்து அட்டை செய்யச் சொல்லித்தருகிறவர்கள் பெரும்பாலும் பசையில் இருந்து தொடங்குவார்கள். எந்த கம்பெனி எம்போஸிங் பேஸ்ட் (காய்ந்தபின் மேடாக நிற்கும் பசை), டப்பா என்ன விலை, மினுக்கம் உண்டா இல்லையா என்று. நான் ஸ்டென்சிலில் இருந்து, அதாவது வடிவத்தைத் துளையாக வெட்டிய ஷீட்டில் இருந்து தொடங்குகிறேன். அட்டையின் மேல் பசை எவ்வளவு உயரம் நிற்கும் என்பது பசை கையில் இல்லை, ஸ்டென்சிலின் தடிமன் கையில் இருக்கிறது. ஓரம் சுத்தமாக நிற்குமா, கசியுமா என்பதிலும் பாதிக்கு மேல் ஸ்டென்சில்தான் பொறுப்பு.

நான் போர்டு எழுதிப் பிழைத்தவன். ஃப்ளெக்ஸ் வருவதற்கு முன் சென்னையில் கடைப் பலகை, லாரி நம்பர், சுவர் விளம்பரம் எல்லாமே பிரஷ்ஷில்தான். ஒரே எழுத்தை வரிசையாகப் பத்து டிரம்மில் போட வேண்டுமென்றால் தகட்டில் வெட்டி ஸ்டென்சிலாக்கிக்கொள்வோம். பலகையில் பள்ளம் இருந்தால் பட்டி (பள்ளத்தை அடைக்கும் பசை) பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அப்புறம்தான் பெயின்ட். இந்த இரண்டு வேலையையும் உள்ளங்கை அளவுக்குச் சுருக்கினால் இந்த அட்டை வந்துவிடும். ஸ்டென்சிலின் துளைகளில் பட்டியை இழுத்து, ஸ்டென்சிலை எடுத்துவிட்டால், துளை இருந்த இடத்தில் மேடு நிற்கும். அவ்வளவுதான் விஷயம்.

இங்கே நான் சொல்லப்போவது ஒரே ஒரு அட்டை: காவி நிறப் பலகத்தில் (அட்டையின் முகப்பில் ஒட்டும் சின்னத் துண்டு) வெள்ளையாக எழுந்து நிற்கும் சிக்குக் கோலம். கை பழகிவிட்டால் கரும்பு, பானை, மாட்டுக் கொம்பு என்று உங்கள் இஷ்டம்.

அட்டை

ஏ4 அளவில் 250 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் எண்) வெள்ளை அட்டை வாங்குங்கள். 300 ஜிஎஸ்எம் கையில் பிடிக்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் தபாலில் உதைக்கும். அந்தக் கணக்கைக் கடைசியில் சொல்கிறேன். சென்னையில் இருப்பவர்களுக்குப் பாரிமுனை ஆண்டர்சன் தெரு போதும். கல்யாணப் பத்திரிகைக் கடைகளும் காகிதக் கடைகளும் அடுத்தடுத்து இருக்கும். பத்திரிகை அடித்து மிஞ்சிய வெட்டுத் துண்டு இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். நமக்கு வேண்டியது சின்ன அளவுதானே.

ஏ4 தாளைக் குறுக்கே இரண்டாக வெட்டினால் 148 x 210 மி.மீ. அளவில் இரண்டு துண்டு வரும். ஒவ்வொன்றையும் நடுவில் மடித்தால் 105 x 148 மி.மீ. அட்டை. இதற்கு சி6 உறை (114 x 162) சரியாகப் பொருந்தும். மடிப்பதற்கு முன் ஸ்டீல் ஸ்கேல் வைத்து, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் ஒரு கோடு அழுத்திக்கொள்ளுங்கள். அட்டைக்கு நார் ஓடும் திசை ஒன்று உண்டு. இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எதிர்ப்பில்லாமல் வளைகிறதோ அந்த மடிப்புக்கோடு நாரோடு போகிறது என்று அர்த்தம். அப்படி மடித்தால் மடிப்பு வெடிக்காது.

பசையை நேரடியாக இந்த அட்டையில் போடாதீர்கள். தனியாக 95 x 138 மி.மீ. அளவில் ஒரு பலகம் வெட்டி, வேலையெல்லாம் அதில் முடித்து, காய்ந்த பிறகு அட்டையின் முகப்பில் ஒட்டுவதுதான் நல்லது. ஈரப்பசை காயும்போது தாளைத் தன் பக்கம் இழுக்கும். மடித்த அட்டையாக இருந்தால் முகப்பு கோணிக்கொள்ளும். சின்னப் பலகத்தை ஒரு கனத்த புத்தகத்தின் அடியில் வைத்தால் நிமிர்ந்துவிடும். கோலம் கெட்டாலும் பலகம் மட்டும்தான் வீண்.

பலகத்துக்குச் செங்கல் சிவப்பு அல்லது காவி நிற அட்டை தேடுங்கள். வெள்ளை அட்டையில் காவி பூசிக்கொள்ளலாமே என்று தோன்றும். பூசலாம், ஆனால் தண்ணீர் பட்ட பலகம் சுருளும். அதை ஒரு மரப்பலகையில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டி, பூசி, காயவிட்டு, பிறகு எடுக்க வேண்டும். நிறத்திலேயே வாங்கிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

ஃபிலிம்

கடையில் விற்கும் ஸ்டென்சில்களைப் பார்த்திருப்பீர்கள். ரோஜா, பட்டாம்பூச்சி, செங்கல் சுவர், ஆங்கிலத்தில் 'ஹேப்பி பர்த்டே'. பொங்கலுக்கு அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நாமே வெட்டிக்கொள்வதுதான் வழி. அதற்கு வீட்டு பீரோவின் மேல் கிடக்கும் பழைய எக்ஸ்ரே ஃபிலிமைவிட நல்ல பொருளை நான் இன்னும் பார்க்கவில்லை. பாலியெஸ்டர், கிழியாது, தண்ணீரில் ஊறாது, கத்திக்கு இதமாக இருக்கும். தடிமன் சுமார் 0.18 மி.மீ. ஓஹெச்பி ஷீட் என்று கடையில் கிடைக்கும் ஊடே தெரியும் பிளாஸ்டிக் தாள் சுமார் 0.1 மி.மீ.தான், அதில் கோலம் தெரியும், மேடு தெரியாது. இன்னும் உயரம் வேண்டுமென்றால், 125 மைக்ரான் லேமினேஷன் கவரை உள்ளே எதுவும் வைக்காமல் மிஷினில் விட்டு எடுங்கள். இரண்டு பக்கமும் சேர்ந்து 0.25 மி.மீ. கண்ணாடி போன்ற ஷீட் கிடைக்கும். ஜெராக்ஸ் கடையில் "உள்ளே ஒன்றும் வைக்கவில்லையே" என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்பார்கள். பரவாயில்லை.

எக்ஸ்ரே கறுப்பாக இருப்பது வெட்டுவதற்குத் தடையில்லை, ஆனால் ஊடே தெரிந்தால் பலகத்தில் நடுவாக வைப்பது சுலபம். பழைய வகை ஃபிலிம் என்றால், பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் போட்டு வையுங்கள். கறுப்புப் படலம் இளகி, ஸ்பான்ஜால் துடைத்தால் வழிந்துவிடும். கையுறை போட்டுக்கொண்டு, மொட்டைமாடி மாதிரி காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். பாத்ரூம் கழுவும் ஆசிட்டை மட்டும் அதோடு சேர்த்துவிடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும். இப்போதைய ஸ்கேன் சென்டர்களில் பிரின்ட் போட்டுத் தரும் ஃபிலிம் சிலவற்றில் கறுப்பு போகாது. போகாவிட்டால் விடுங்கள், அப்படியே வெட்டலாம். இன்னொன்று: ஃபிலிமின் ஓரத்தில் நோயாளியின் பெயரும் வயதும் இருக்கும். முதல் வேலையாக அந்தத் துண்டை வெட்டி எறியுங்கள். எங்கள் தெரு அக்கா தன் மாமியாரின் முழங்கால் படங்களை ஒரு கட்டாகக் கொடுத்துவிட்டு, "அண்ணா, அவங்க பேரோட யாருக்கும் வாழ்த்து போயிடப்போகுது" என்றார்.

கோலமும் பாலமும்

ஸ்டென்சில் வெட்டுவதில் ஒரே ஒரு சிக்கல்தான் உண்டு, ஆனால் அது பெரிய சிக்கல். வட்டம் ஒன்றை முழுதாக வெட்டினால் நடுத்துண்டு கழன்று விழுந்துவிடும். அதைப் பிடித்துக்கொள்ள வெளிப்பக்கத்தோடு ஒரு சின்னப் பாலம் விட வேண்டும். போர்டு வேலையில் இதற்குத்தான் எழுத்தின் நடுவே இடைவெளி விடுவோம். ட, ப இரண்டும் திறந்த எழுத்துகள், பாலமே தேவையில்லை. க, த, வ, ண எல்லாவற்றிலும் குழி மூடிக்கொள்ளும், பாலம் இல்லாமல் நடக்காது. அதனால் 'வாழ்த்து' என்பதை ஸ்டென்சிலில் வெட்ட ஆசைப்படாதீர்கள். உள்ளே பேனாவால் எழுதிக்கொள்ளலாம், அதுதான் மரியாதையும்கூட.

மார்கழியில் மயிலாப்பூர் மாட வீதியில் கோல அச்சு விற்பார்கள், ஓட்டை போட்ட தட்டு. மாவைக் கொட்டித் தேய்த்தால் கோலம் விழும். அதில் பாலத்தின் பிரச்சினையே கிடையாது, ஏனென்றால் கோடு என்பதே அங்கே வரிசையாக நிற்கும் சின்னத் துளைகள்தான். நல்ல யோசனை. ஆனால் அந்த அச்சையே எடுத்துவந்து பசை தேய்க்காதீர்கள். தட்டு தடிமன், துளை குறுகல். துளையின் அகலம் ஸ்டென்சிலின் தடிமனைப் போலப் பல மடங்கு இருந்தால்தான் பசை அட்டையோடு நிற்கும். இல்லாவிட்டால் துளைச் சுவரைப் பிடித்துக்கொண்டு தட்டோடு எழுந்து வந்துவிடும். 0.18 மி.மீ. ஃபிலிமுக்கு 1.5 மி.மீ.க்குக் கீழே கோடும் வேண்டாம், துளையும் வேண்டாம்.

சரி, சிக்குக் கோலத்துக்கு வருவோம். ஒவ்வொரு புள்ளியையும் கோடு சுற்றி வளைத்துப் போகும். அப்படியே வெட்டினால் எத்தனை புள்ளியோ அத்தனைக்கு மேல் துண்டுகள் கீழே விழும். எங்கே பாலம் வைப்பது என்று கண்ட இடத்தில் வைத்தால் கோலம் நொறுங்கினாற்போல் தெரியும். இதற்குக் கோலத்துக்குள்ளேயே விடை இருக்கிறது. கோடும் கோடும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் மட்டும் பாலம் வையுங்கள். ஒரு கோட்டை முழுதாக விடுங்கள். மற்றக் கோட்டை அதற்கு இரண்டு பக்கமும் 1.5 மி.மீ. விட்டு நிறுத்துங்கள். பார்ப்பவர் கண்ணுக்கு ஒரு கோடு மேலே போக, இன்னொன்று அடியில் நுழைந்து வெளியே வருவதாகத் தெரியும். கோட்டை ஒரு இடத்தில் இருந்து தொடர்ந்துகொண்டே போய், ஒரு சந்திப்பில் மேலே, அடுத்ததில் கீழே, மறுபடி மேலே என்று மாற்றி மாற்றிக் குறித்துவாருங்கள். இப்படிச் செய்தால் ஒரு துண்டுகூட அனாதையாக விடுபடாது. ஒவ்வொரு கோட்டுத் துண்டுக்கும் ஒரு முனை மேலே, மறுமுனை கீழே. கீழே போகும் முனையில் பாலம் இருக்கிறது. அதனால் கோட்டின் இந்தப் பக்க ஃபிலிமும் அந்தப் பக்க ஃபிலிமும் எங்கேயாவது ஒட்டியே இருக்கும். பாலம் என்பது மறைக்க வேண்டிய குறையாகத் தெரியாமல், கோலம் பின்னிக்கொண்டு நிற்பதாகவே தெரியும்.

ஒரே எச்சரிக்கை. மூலைகளில் கோடு ஒற்றை வளையமாகத் திரும்பி வரும் இடத்தில், உள்ளே இருக்கும் துண்டுக்கு ஒரே ஒரு பாலம்தான் கிடைக்கும். அது நாக்காகத் தொங்கும், பசை இழுக்கும் தகடு பட்டால் தூக்கிக்கொள்ளும். அங்கே வளையத்தின் உச்சியில் இன்னொரு பாலம் கூட்டிவிடுங்கள்.

முதல் கோலத்துக்கு 1, 3, 5, 3, 1 என்ற புள்ளி வரிசை போதும். புள்ளிக்குப் புள்ளி 15 மி.மீ., கோட்டின் அகலம் 2 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் கோலம் சுமார் 75, 80 மி.மீ.க்குள் அடங்கும். அதைப் பலகத்தின் நடுவுக்குக் கொஞ்சம் கீழே வையுங்கள். மேலே வெறும் காவி இருக்கட்டும். அந்த வெற்றிடத்தில் எதையாவது நிரப்பத் தோன்றும், நிரப்பாதீர்கள். மேல் வலது மூலை காலியாக இருப்பதற்குத் தபால் காரணமும் ஒன்று இருக்கிறது.

தாளில் கோட்டின் இரண்டு ஓரங்களையும் வரைந்து, ஃபிலிமின் அடியில் டேப் போட்டு ஒட்டுங்கள். ஃபிலிம் கறுப்பாகவே இருந்தால், வரைந்த தாளை மேலே ஒட்டி இரண்டையும் சேர்த்து வெட்டுங்கள். கட்டர் பிளேடின் நுனியை அடிக்கடி ஒடித்துப் புதிதாக்கிக்கொள்ளுங்கள். மழுங்கிய நுனி ஃபிலிமை வெட்டாமல் பிதுக்கும், பிதுங்கிய ஓரத்தின் அடியில் பசை நுழையும். சின்னத் துண்டுகளை முதலில் வெட்டுங்கள், பெரியவை கடைசியில். பெரிய ஓட்டையை முதலில் எடுத்துவிட்டால் ஃபிலிம் தளர்ந்து, சின்ன இடத்தில் கத்தி நழுவும். வளைவில் கத்தியைத் திருப்பாதீர்கள். கத்தியை நிறுத்தி வைத்து ஃபிலிமைத் திருப்புங்கள். புள்ளிகளுக்கு 3 மி.மீ. துளை போடும் தோல் பஞ்ச் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அடியில் மரக்கட்டை வைத்து, சுத்தியலால் ஒரே அடி. சுட்ட ஊசியால் குத்துகிறவர்களும் உண்டு. துளையைச் சுற்றி உருகிய விளிம்பு நிற்கும், ஸ்டென்சில் அட்டையில் படியாது. நான் செய்வதில்லை.

வெட்டி முடித்ததும் ஃபிலிமின் அடிப்பக்கத்தை 400 நம்பர் உப்புத்தாளில் லேசாக ஒரு முறை தேய்த்தால் பிசிறு போய்விடும்.

பசை

ஓவியப் பொருள் கடைகளில் டெக்ஸ்சர் பேஸ்ட், மாடலிங் பேஸ்ட் என்ற பெயர்களில் வரும் டப்பாவும் இதே வேலைக்குத்தான். அக்ரிலிக் பசையும் நுண்ணிய சுண்ணாம்புக்கல் பொடியும் கலந்தது. வசதி இருந்தால் வாங்குங்கள், காய்ந்தபின் வளைத்தாலும் வெடிக்காது. வீட்டில் கலப்பதும் கஷ்டமில்லை. தஞ்சாவூர் ஓவியத்தில் நகையும் தூணும் புடைத்து நிற்பது சுண்ணாம்புப் பொடியும் பிசினும் சேர்ந்த மக்கில்தான். தங்க ரேக்கு அதற்கு மேல் ஒட்டுவது. நாம் பிசினுக்குப் பதில் ஃபெவிகால் எடுத்துக்கொள்கிறோம்.

என் கலவை இது. ஃபெவிகால் இரண்டு ஸ்பூன், வெள்ளை அக்ரிலிக் கலர் ஒரு ஸ்பூன், சலித்த சாக் பவுடர் மூன்று ஸ்பூனில் தொடங்கித் தேவையான அளவு. சலிப்பதை விட்டுவிடாதீர்கள், பழைய வேட்டித் துணியில் சலியுங்கள். ஒரு மணல் துகள் இருந்தால் போதும், தகடு போகும் வழியெல்லாம் கோலத்தில் கீறல் விழும். சாக் பவுடரில் ஒரு பங்கை முகத்துக்குப் போடும் டால்கம் பவுடராக மாற்றினால் பசை இன்னும் வழுவழுப்பாக இழுபடும், வாசனை மட்டும் இரண்டு நாளைக்கு இருக்கும். பதம் வடை மாவுதான்: தகட்டில் எடுத்துத் தலைகீழாகப் பிடித்தால் விழக்கூடாது, எழுப்பிய முனை சாயக்கூடாது. தளர்ந்தால் பவுடர்; இறுகினால் தண்ணீரைத் துளித் துளியாக.

பவுடர் எதற்கு என்று கேட்பீர்கள். வெறும் ஃபெவிகாலில் பெரும் பங்கு தண்ணீர். காயும்போது அது போய்விடும், மேடு அமுங்கிக் கண்ணாடியாகிவிடும். பவுடர் அந்த இடத்தைப் பிடித்து நிற்கிறது. அதற்காக அள்ளிக் கொட்டினாலும் ஆபத்து: காய்ந்தபின் விரலால் தேய்த்தால் மாவாக உதிரும்.

சுவருக்குப் போடும் பட்டியை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா என்று பெயின்டர் நண்பர்களே கேட்கிறார்கள். கூடாது. பெரும்பாலும் அதில் சிமென்ட் இருக்கும். சுவரில் அசையாமல் நிற்கும், அட்டை வளைந்தால் செதில் செதிலாக விடும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸும் அப்படியே. கூடவே, கலந்த சில நிமிஷத்தில் கையிலேயே இறுகிவிடும்.

நிறம் சேர்க்க வேண்டுமென்றால் அக்ரிலிக் அல்லது துணிக்குப் போடும் கலர். போஸ்டர் கலர் பசையைத் தண்ணியாக்கும். பொடி நிறங்களில் காவி நன்றாக இருக்கும், மண் நிறம் என்பதால் வெளுக்காது. மஞ்சள்தூள் வேண்டாம், சுண்ணாம்பு பட்டால் சிவக்கும், வெயில் பட்டால் வெளுக்கும்.

ஒரே இழுப்பு

இந்த வேலையில் மொத்தம் ஒரு நிமிஷம்தான் உண்மையான வேலை, மற்றதெல்லாம் ஏற்பாடு. அதனால் ஏற்பாட்டை முடித்துவிட்டு பசை டப்பாவைத் திறங்கள். பக்கத்தில் அகலமான தட்டில் தண்ணீர், ஒரு ஈரத்துணி, பழைய நியூஸ்பேப்பர்.

பலகத்தை மேஜையில் வைத்து, ஸ்டென்சிலை மேலே வைத்து, நான்கு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். டேப்பைப் புதிதாக அப்படியே அட்டையில் ஒட்டினால் பிரிக்கும்போது அட்டையின் தோல் உரிந்து வரும். முதலில் உங்கள் பேன்ட்டிலோ புடவையிலோ ஒரு முறை ஒட்டி எடுங்கள், பிசுபிசுப்பு பாதியாகும்.

பெயின்டர் பட்டித் தகடு நம் அட்டைக்குப் பெரிது. காலாவதியான ஏடிஎம் கார்டு கச்சிதம். நீண்ட ஓரம் 85 மி.மீ. இருப்பதால் கோலத்தின் அகலம் முழுவதும் ஒரே இழுப்பில் வந்துவிடும். கார்டின் ஓரத்தில் நீளமாகப் பசை எடுத்து, கோலத்துக்கு வெளியே, ஃபிலிமின் மேல் வையுங்கள். கார்டை ஏறக்குறைய பாதி சாய்த்து, அழுத்தாமல், மேலிருந்து உங்கள் பக்கமாக இழுங்கள். அழுத்தினால் பசை ஃபிலிமுக்கு அடியில் புகும். வேண்டியது துளைகள் நிரம்புவது மட்டும்தான். ஃபிலிமில் நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் இடம் இருந்தால், அதன் வேரில் இருந்து நுனிப் பக்கமாக இழுங்கள். நுனியில் இருந்து போனால் கார்டு அதைத் தூக்கிவிடும். அப்புறம் கார்டைத் துடைத்துவிட்டு, கொஞ்சம் நிமிர்த்திப் பிடித்து, இரண்டாவது முறை சுரண்டினாற்போல் ஒரு இழுப்பு. ஃபிலிமின் மேல் பசையே இல்லாமல், துளைகளில் மட்டும் சமமாக நிற்க வேண்டும். மிஞ்சியது டப்பாவுக்கே போகட்டும்.

இந்த இடத்தில் பலர் கை நிற்காது. ஒரு ஓரம் மெலிந்தாற்போல் தெரியும், இன்னொரு தடவை இழுப்போம், இன்னும் ஒரு தடவை என்று போய்க்கொண்டே இருப்பார்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் ஃபிலிம் கொஞ்சம் நகரும், பசை கொஞ்சம் காயும். இரண்டோடு நிறுத்துங்கள்.

உடனே தூக்குங்கள். மூன்று பக்க டேப்பை எடுத்துவிட்டு, நான்காவதைக் கீல் மாதிரி வைத்துக்கொண்டு, எதிர்ப்பக்கத்தை நிதானமாக மேலே எழுப்புங்கள். ஃபிலிமைப் பக்கவாட்டில் இழுக்கவே கூடாது. எடுத்த ஸ்டென்சில் நேராகத் தண்ணீர்த் தட்டுக்குள் போக வேண்டும். காய்ந்துவிட்டால் பாலங்களைச் சுரண்டும்போது ஒடியும். பசை படிந்த கார்டையும் கத்தியையும் முதலில் பேப்பரில் துடைத்துவிட்டுக் கழுவுங்கள், சிங்க் குழாயில் இந்தப் பசை இறுகினால் பிளம்பரைத்தான் கூப்பிட வேண்டும்.

எங்காவது சின்னக் கசிவு இருந்தால் ஈரத்தில் தொடாதீர்கள். காய்ந்தபின் பிளேடு நுனியால் சீவினால் சுத்தமாக வந்துவிடும்.

காயவைப்பது

தட்டையான இடம், ஃபேன் காற்று, நிழல். வறண்ட நாளில் ஒரு மணி நேரத்தில் தொடும் அளவுக்குக் காயும், முழுதாக இறுக ஒரு இரவு விடுங்கள். சென்னையில் மார்கழி தொடக்கத்தில் மழை ஈரம் இன்னும் காற்றில் இருக்கும், அப்போது மறுநாள் மாலை வரை பொறுப்பது நல்லது. அவசரத்துக்கு ஹேர் டிரையர் எடுப்பவர்கள் உண்டு. மேல்தோல் முதலில் காய்ந்து, உள்ளே அடைபட்ட ஈரம் கொப்புளம் கிளப்பும்.

காய்ந்ததும் கூரான முனைகளை உப்புத்தாளால் தொட்டும் தொடாமலும் ஒரு தேய்ப்பு. வெள்ளையை வெள்ளையாகவே விடுவது என் கட்சி. பக்கவாட்டு வெளிச்சத்தில் அந்த 0.18 மி.மீ. மேட்டுக்கு ஒரு நிழல் விழும், அதுவே போதும். தங்கம் வேண்டுமென்றால் ஸ்பான்ஜில் தங்க நிற அக்ரிலிக் தொட்டு, பேப்பரில் ஒற்றி ஒற்றி ஏறக்குறைய காய்ந்துபோன நிலையில் கோலத்தின் மேல் தட்டுங்கள். மேட்டில் மட்டும் பிடிக்கும். ஜிகினா தூவுவதைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். வாங்கியவர் சாப்பாட்டுத் தட்டில் ஒரு வாரத்துக்கு அது மின்னும்.

பலகத்தைப் புத்தகத்தின் அடியில் நிமிர்த்தும்போது கோலத்தின் மேல் மெத்தென்ற துணி ஒன்றை மடித்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இருபக்க டேப்பால் அட்டையில் ஒட்டுங்கள்; ஃபெவிகால் வைத்தால் மறுபடி ஈரம், மறுபடி சுருள். நாலு பக்கமும் 5 மி.மீ. வெள்ளை ஓரம் தெரிய வேண்டும்.

மிஞ்சிய பசையை மூடி இறுக்கமான டப்பாவில் அடைத்து, பசையின் மேல் ஒரு பிளாஸ்டிக் துண்டைப் படிய ஒட்டி வையுங்கள். சில வாரம் தாங்கும். வாடை மாறினால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

தபாலில் போடும்போது

ஒரு காலத்தில் டிசம்பர் கடைசியில் இருந்தே கடை வாசல்களில் கயிறு கட்டிப் பொங்கல் வாழ்த்து தொங்கும். சாமி படம் ஒரு வரிசை, எம்ஜிஆர், சிவாஜி, ரஜினி, கமல் ஒரு வரிசை, உழவர் பானை கரும்பு ஒரு வரிசை. உறையை ஒட்டாமல் செருகி, குறைந்த கட்டணத்தில் புக் போஸ்ட்டில் அனுப்புவார்கள். இப்போது ஃபோனில் வந்துவிடுகிறது. கையால் செய்ததை ஃபோனில் அனுப்ப முடியாது, ஆகவே தபால்.

கடிதக் கட்டணம் 20 கிராமுக்கு ஒரு படியாக ஏறும். 250 ஜிஎஸ்எம் என்றால் ஒரு சதுர மீட்டர் 250 கிராம். ஏ4 தாள் சதுர மீட்டரில் 16-ல் ஒரு பங்கு, அதில் பாதி நம் அட்டை. அட்டை சுமார் 8 கிராம், பலகம் 3 கிராம் சொச்சம், உறை 4, 5 கிராம், கோலம் ஒரு கிராம், இரண்டு கிராம். 20-க்குள் நின்றுவிடும். 300 ஜிஎஸ்எம்மில் இதையே செய்தால் எல்லைக் கோட்டில் நிற்கும், உள்ளே ஒரு ஃபோட்டோ வைத்தால் அடுத்த படிக்கு ஏறிவிடும். சமையலறைத் தராசில் ஒரு முறை நிறுத்துப் பாருங்கள்.

மேல் வலது மூலையைக் காலியாக விடச் சொன்னேனே, அங்கேதான் ஸ்டாம்ப் வரும், ஸ்டாம்பின் மேல் தபால் முத்திரை ஓங்கி இறங்கும். கோலம் அந்த அடிக்கு நேர் கீழே இருந்தால் நசுங்கும். அட்டையை உறைக்குள் வைக்கும்போது முகப்பு, உறையின் மூடி இருக்கும் பக்கத்தைப் பார்க்கட்டும். ஸ்டாம்புக்கு அடியில் அட்டையின் முதுகு இருக்கும். ஆனால் அப்படித் திருப்பினால் மூலையும் இடம் மாறும். உறையை மேஜையில் வைத்து, ஸ்டாம்ப் மூலையில் விரலால் அழுத்திப் பாருங்கள். மேடு தட்டுப்பட்டால் அட்டையைத் தலைகீழாகச் செருகுங்கள். முகப்பின் மேல் ஒரு டிஷ்யூ தாள் வைத்தால் உரசலும் இருக்காது. வெளியூருக்கு அனுப்புவதாக இருந்தால் ஜனவரி முதல் வாரத்துக்குள் பெட்டியில் போட்டுவிடுங்கள், போகிக்கு முந்தின நாள் போட்டுவிட்டுத் தபால்காரரைக் குறை சொல்ல முடியாது.